துணைக்கு வந்தவர்

மச்சானைக் குடி நிறுத்தும் இல்லத்தில் சேர்க்கப் போன அன்று லிஃப்ட்காரர் இருப்பதிலேயே நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதற்கு இஸ்திரி வேறு.

“கல்யாண வீட்டுக்கா போறீங்க?” என்று கேட்டாள் மனைவி.

“நம்ம பக்கத்துல ஒருத்தராவது பாக்க மரியாதையா இருக்கணும்ல,” என்றார் அவர்.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரே கம்பெனியில் இருபத்தாறு வருடம். நகரத்தில் பாதிக் கட்டடங்களின் வாட்ச்மேன்களுக்கு அவர் பெயர் தெரியாது. ‘லிஃப்ட்காரர் வந்துட்டார், கவலையில்ல’ என்று சொல்லத் தெரியும். வீட்டிலும் அப்படித்தான். குழாய் ஒழுகினாலும் சொந்தத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். மனைவியின் ஒரே தம்பியான மச்சான் பிரச்சினையும் அப்படி அவர் தலையில் வந்து விழுந்ததுதான்.

மச்சானுக்கு முப்பத்தேழு வயது. கண்ணாடி பொருத்துகிற வேலை. நல்ல கைக்காரன். ஆள் உயரக் கண்ணாடியைக் கோடு போட்டு ஒரே தட்டில் உடைப்பான். ஓரம் வெண்ணெய் வெட்டினதுபோல இருக்கும். ஆனால் நாலைந்து வருடமாகக் குடி அவனைத் தின்றுகொண்டிருந்தது. பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வருடமாகிறது. போன மாதம் ஏணியில் நின்றபடியே தள்ளாடி, கண்ணாடியோடு சேர்ந்து விழுந்து, முன்கையில் பதினொரு தையல். கட்டுப் போட்ட கையோடு அக்கா வீட்டுக்கு வந்தவன், “என்னால முடியல அக்கா, எங்கேயாவது கொண்டுபோய்ச் சேத்துடுங்க,” என்று குழந்தைபோல அழுதான்.

லிஃப்ட்காரரும் குடிப்பவர்தான். ஆனால் அதற்கு வீட்டில் வேறு பேச்சு இருந்தது. மச்சான் ‘குடிகாரன்’. அவர் ‘சாயங்காலம் கொஞ்சம் எடுத்துக்குவார்’. ஆறரை மணிக்குக் குளித்துவிட்டு, பின்பக்க பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். ஆரம்பத்தில் இரண்டு கிளாஸ். இப்போது எத்தனை என்று அவரும் எண்ணுவதில்லை, மற்றவர்களும் கேட்பதில்லை. முடிந்ததும் கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது, ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போட்டது கிடையாது. பைக்குள் ஒரு சின்ன பாட்டிலை வைத்துக்கொள்ளலாமா என்று அன்று காலையில் ஒரு கணம் யோசித்தார். பிறகு, ச்சே, நான் என்ன குடிகாரனா என்று வைக்காமல் விட்டுவிட்டார்.

அந்த இல்லம் ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடம். நீளமான தாழ்வாரம், பாதி உயரத்துக்குப் பச்சை பெயின்ட், ஒரு பெரிய அறையில் பதினான்கு கட்டில். முப்பது நாள் சிகிச்சை. முதல் ஐந்து நாள் வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பது சட்டம். மனைவிக்குப் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. பரீட்சை நேரம், லீவு கிடைக்காது, நீங்களே இருந்துவிடுங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள்.

சேர்க்கை எல்லாம் பெரிய சிஸ்டர் கையில். ஐம்பதைத் தாண்டிய நர்ஸ். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிற ஆள். ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு மச்சானிடம் கேள்வி கேட்டாள்.

“தினமும் குடிப்பீங்களா?”

“வாரத்துல நாலு நாள், அஞ்சு நாள்…”

“பொய் சொல்றான் சிஸ்டர். தினமும்தான்,” என்றார் லிஃப்ட்காரர்.

“காலையில எழுந்திரிச்சா கை நடுங்குமா?”

“எப்பவாவது.”

“நல்லா நடுங்கும். எழுதிக்குங்க.”

“இத்தனை மணிக்குக் குடிச்சாகணும்னு உடம்பு கேக்குமா?”

மச்சான் வாய் திறக்கும் முன்பே, “கேக்கும், கேக்கும்,” என்றார் அவர்.

மச்சான் திரும்பி அத்தானைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

பெரிய சிஸ்டர் இரண்டு பேர் பையையும் கொட்டிச் சோதித்தாள். சவரத்துக்குப் பிறகு போடும் லோஷன் பாட்டிலை லிஃப்ட்காரர் பையிலிருந்து எடுத்து, இதிலும் ஆல்கஹால் உண்டு என்று தனியாக வைத்தாள்.

“அது என்னோடதுங்க. நான் துணைக்கு வந்தவன்.”

“துணைக்கு வந்தவங்களுக்கும் இங்க ஒரே சட்டம்தான்,” என்றாள் அவள்.

பகல் எப்படியோ போனது. மச்சானுக்கு மாத்திரை கொடுத்து, கையில் மருந்து ஏற்றிப் படுக்க வைத்தார்கள், அவன் தூங்கிவிட்டான். சாயங்காலம் ஆறரை ஆனதும் லிஃப்ட்காரருக்கு உட்கார முடியவில்லை. தாழ்வாரத்தில் நடந்தார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாற்பத்திரண்டு எட்டு. வாய் வறண்டது, தண்ணீர் குடித்தால் தீரவில்லை. இடம் புதுசு, அதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விடியும்வரை ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

மறுநாள் காலை டீ டம்ளரை வாங்கும்போது பாதி டீ தரையில் கொட்டியது. “என்னங்க இவ்வளவு சூடா கொடுக்கறீங்க?” என்று டீ கொடுத்தவரிடம் எரிந்து விழுந்தார். டீ அப்படியொன்றும் சூடாக இல்லை. பத்து மணிக்கு முதுகெல்லாம் வியர்வை. பன்னிரண்டு மணிக்குச் சட்டையை மாற்றப் போனவர், மேல் பட்டனை ஓட்டைக்குள் நுழைக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று போராடிக்கொண்டிருந்தார். ஊசி நுனி அளவு திருகாணியை இருட்டுக் குழிக்குள் தடவிப் பார்த்தே மாட்டுகிற விரல்கள் அவை.

“அத்தான்,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மச்சான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். “வந்து உக்காருங்க.”

“ஒண்ணுமில்ல மாப்ள. புழுக்கம். காத்தே வரல இந்த ரூம்ல.”

“இது காத்து இல்லாத புழுக்கம் இல்ல அத்தான். எனக்குத் தெரியாதா?”

“என்ன தெரியும் உனக்கு?” லிஃப்ட்காரரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. “யாரைப் பாத்து என்ன பேசறே? நீ படுத்திருக்க இடத்துல என்னையும் படுக்க வைக்கப் பாக்கறியா?”

மருந்து ஏறிக்கொண்டிருந்த கையை அசைக்காமல், மச்சான் இன்னொரு கையால் சுவரிலிருந்த மணியை அழுத்தினான்.

பெரிய சிஸ்டர் வந்தாள். ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள்.

“கையை முன்னால நீட்டுங்க. விரலை விரிங்க. கண்ணை மூடுங்க.”

அவர் நீட்டினார். கண்ணை மூடியிருந்தாலும் தன் விரல்கள் என்ன செய்கின்றன என்று அவருக்குத் தெரிந்தது. சிஸ்டர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். “கடைசியா எப்பக் குடிச்சீங்க?”

“முந்தாநாள் சாயங்காலம். கொஞ்சம்.”

“எத்தனை வருஷமா இந்தக் கொஞ்சம்?”

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். “ஒரு… இருபத்திரண்டு வருஷம்.”

டாக்டர் வந்தார். இளவயதுக்காரர், அதிகம் பேசாதவர். ரத்த அழுத்தம் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், ஊசி ஒன்று எழுதிக் கொடுத்தார். “பழகின உடம்புக்குத் திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் ஆகும். இப்படியே விட்டிருந்தா இன்னிக்கோ நாளைக்கோ வலிப்பு வந்திருக்கும். நீங்க தங்கறது உங்க இஷ்டம், ஆனா இந்த நிலைமையில வெளியே அனுப்ப எனக்கு மனசு வராது,” என்றார்.

டாக்டர் போனதும் லிஃப்ட்காரர் பெரிய சிஸ்டரிடம் குரலைத் தாழ்த்தினார். “ஊசி போடுங்க, வாங்கிக்கறேன். ஆனா என்னைச் சேக்கறதெல்லாம் வேணாம். அஞ்சு நாள் முடிஞ்சா நான் வேலைக்குப் போகணும். என்னால இதுவரைக்கும் யாருக்கும் ஒரு கஷ்டம் வந்ததில்ல சிஸ்டர், விசாரிச்சுப் பாருங்க.”

“என்ன வேலை பாக்கறீங்க?”

“லிஃப்ட் ரிப்பேர்.”

சிஸ்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே அவர் கையைப் பார்த்தாள். “இந்தக் கை ரிப்பேர் பண்ணின லிஃப்ட்ல எங்க அம்மா ஏறலாமா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

அவர் தன் விரல்களைப் பார்த்தார். யாரிடமும் சொல்லாத ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. லிஃப்ட் ஒரு மாடியில் இல்லாதபோது அந்த மாடிக் கதவு திறக்கக் கூடாது. அதைக் காவல் காக்க ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு இருக்கும். அதைக் கழற்றிச் சோதித்துவிட்டு, முடிந்ததும் பழையபடி மாட்டி வைக்க வேண்டும். அன்று மணி ஆறு ஆகிவிட்டது. கால் வீட்டுப் பக்கம் இழுத்தது. மூன்றாம் மாடிக் கதவை மட்டும் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார். மறுநாள் காலை முகம் கழுவும்போதுதான் பொறி தட்டியது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். கைக்குழந்தையோடு ஒரு பெண் மூன்றாம் மாடியில் நின்றுகொண்டிருந்தாள். “நேத்து கதவு திறந்துச்சு, உள்ளே லிஃப்டே இல்லைங்க. நல்லவேளை, கீழே பாத்துட்டேன்,” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். “சின்னக் கோளாறும்மா, சரி பண்ணிடறேன்,” என்று சொல்லிப் பூட்டை மாட்டிவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட இரண்டு கிளாஸ் கூடுதலாக ஆனது.

“சேத்துக்குங்க சிஸ்டர்,” என்றார்.

அடுத்த இரண்டு நாள் அவருக்குச் சரியாக நினைவில்லை. மச்சானுக்குப் பக்கத்துக் கட்டில். உடம்பு கொதிப்பது போலவும் குளிர்வது போலவும் இருந்தது. சுவரில் பூச்சி ஊர்வதுபோலத் தெரிந்து அவர் பதறும்போதெல்லாம், “ஒண்ணுமில்ல அத்தான், அது வெறும் சுவர்தான்,” என்று ஒரு குரல் கேட்டது. தானே நிற்கத் தெம்பில்லாத மச்சான், மருந்து பாட்டில் தொங்கும் கம்பியை ஒரு கையில் உருட்டிக்கொண்டு வந்து, தையல் போட்ட கையால் அவருக்கு டம்ளரைப் பிடித்துக் கொடுத்தான். நெற்றியைத் துடைத்தான். அவர் வாந்தி எடுத்தபோது முகம் சுளிக்காமல் பாத்திரத்தை ஏந்தினான்.

“போய்ப் படு மாப்ள. உனக்கே முடியல.”

“எனக்கு இதெல்லாம் மூணாவது தடவை அத்தான். வீட்ல தனியா நிறுத்திப் பாத்திருக்கேன். பக்கத்துல ஆள் இல்லைன்னா ரொம்பப் பயமா இருக்கும்.”

பெரிய சிஸ்டர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தாள். “இப்ப யாருக்கு யார் துணை? நான் என்னன்னு எழுதறது?”

“அவருக்கு நான், எனக்கு அவர்னு எழுதிக்குங்க சிஸ்டர்,” என்றான் மச்சான். அந்த அறைக்கு வந்து முதல்முறையாக லிஃப்ட்காரர் சிரித்தார். சிரித்ததில் வயிறு வலித்தது.

நாலாம் நாள் மதியம் மனைவி வந்தாள். பெரிய சிஸ்டர் போன் செய்திருந்தாள். மனைவி வந்ததும் எப்படி ஆரம்பிப்பது என்று லிஃப்ட்காரர் காலையிலிருந்தே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

“பயப்படாதே. கொஞ்சம் சத்துக் குறைவு. டாக்டர்தான் சும்மா…”

அவள் கேட்டுக்கொண்டே கட்டில் ஓரமாக உட்கார்ந்து பையைத் திறந்தாள். சட்டைகள், லுங்கிகள், உள்ளாடைகள், துண்டுகள், ரப்பர் செருப்பு. ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். ஒரு மாதத்துக்கான துணி.

“இவ்வளவு எதுக்கு? நான் சேர்ந்தது உனக்கு அதிர்ச்சியா இல்லையா?”

“தம்பிக்குத் துணையா நானே வந்திருக்கலாம்,” என்றாள் அவள், துண்டை மடித்தபடி. “லீவு கேட்டா கொடுத்திருப்பாங்க. நான் கேக்கவே இல்ல.”

அவருக்கு உறைக்க ஒரு நிமிடம் பிடித்தது. “அப்ப என்னை… வேணும்னே அனுப்பினியா?”

“ஆமா.”

“என்னை ஏமாத்தியிருக்கே.”

“ஆமாங்க. ஏமாத்தினேன்.” அவள் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். “எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ‘நான் என்ன உன் தம்பியா, ரோட்லயா விழுந்து கிடக்கறேன்’னு கேப்பீங்க. விழலதான். ஆனா தினமும் ஆறரை மணிக்கு மேல இந்த வீட்ல எனக்கு யாரும் இல்லீங்க. அஞ்சு நாள் அது இல்லாம இருந்தா உங்களுக்கே தெரிஞ்சிடும்னு நினைச்சேன். அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டிச்சு.” அதுவரை ஒரே சீராக இருந்த குரல் அங்கே உடைந்தது. “வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்துன்னு எல்லாம் எனக்குத் தெரியாது. சிஸ்டர் போன்ல சொன்னப்ப, ஆபீஸ்ல அப்படியே தரையில உக்காந்துட்டேன். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா, நான்…”

அவர் கோபப்படத்தான் நினைத்தார். ஆனால் அழுகிற மனைவியைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்தார். அவள் அழாமல் இருந்தாளா, தான் பார்க்காமல் இருந்தோமா என்பது தெரியவில்லை. நடுக்கம் இன்னும் முழுதாக நிற்காத கையை நீட்டி அவள் தலையில் வைத்தார்.

“இங்க வந்ததால பொழைச்சேன்னு டாக்டர் சொன்னார்,” என்றார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. லிஃப்ட்காரர் தானாகச் சொன்னதுதான்.

அடுத்த கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து மச்சான், “அக்கா, எனக்கும் ஒரு துண்டு கொண்டாந்தியா?” என்று கேட்டான். “உனக்கு ஒரு மாசத்துக்கும் அன்னிக்கே கொடுத்தனுப்பிட்டேன்டா,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள் அவள்.

அதன்பிறகு நாட்கள் ஒழுங்குக்கு வந்தன. காலையில் உடற்பயிற்சி, பிறகு வகுப்பு, பிறகு ஆளாளுக்கு ஒரு வேலை. லிஃப்ட்காரருக்குப் பாத்திரம் கழுவும் வேலை, மச்சானுக்குத் தோட்டம். பதினொரு மணிக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். நடத்துபவர் ஒரு ஒல்லியான ஆலோசகர். பதினொரு வருடத்துக்கு முன் அவரே இதே அறையில், ஆறாம் நம்பர் கட்டிலில் கிடந்தவர். அவர் உபதேசம் செய்ய மாட்டார். ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள், “முதல்ல குடிச்சது எப்ப? யார் கொடுத்தா?” என்று கேட்டார்.

ஒவ்வொருவராகச் சொல்லி மச்சான் முறை வந்தது. “பத்தொம்பது வயசு. பிரெண்ட்ஸோட. ஒரு பார்ட்டியில,” என்று வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்த்தான்.

“பொய் சொல்றான்,” என்றார் லிஃப்ட்காரர்.

எல்லோரும் திரும்பினார்கள். சேர்க்கை அன்று சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் இந்தமுறை சொல்லிவிட்டு அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“பார்ட்டி எல்லாம் இல்ல. என் வீட்டு பால்கனியில. நான்தான் கொடுத்தேன். எங்க மாமனார் இறந்து மூணாவது நாள். திடீர்னு போயிட்டார். இவன் அழுதுட்டே இருந்தான். சாப்பிடல, பேசல. எனக்கு… அழற பையனை என்ன பண்றதுன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆறுதல் அதுதான். ஊத்திக் கொடுத்தேன். ‘குடிடா, வலி தெரியாது’ன்னேன். அவனும் குடிச்சிட்டுத் தூங்கினான். நல்ல காரியம் பண்ணிட்டதா நினைச்சேன்.”

லிஃப்ட்காரர் நிமிராமலே மச்சான் பக்கம் கையைக் காட்டினார்.

“அவன் பெண்டாட்டி போனப்ப, கையைக் கிழிச்சுக்கிட்டப்ப, எல்லார் மாதிரியும் நானும் அவனைத் திட்டினேன். இங்க சேக்கறப்ப படிவத்துல அவனுக்காக நான் பதில் சொன்னேன் பாருங்க, அப்பவும் அவன் வாயைத் திறக்கல. இப்பவும் என்னைக் காட்டிக் கொடுக்காம பார்ட்டிங்கறான்.”

மச்சான் மெதுவாகச் சொன்னான்.

“அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் அம்மாகிட்டப் போனாங்க. அக்காகிட்டப் போனாங்க. ‘இனிமே நீதான்டா ஆம்பள, நீ அழக் கூடாது’ன்னு என்கிட்டச் சொல்லிட்டுப் போனாங்க. என் பக்கத்துல வந்து உக்காந்தது நீங்க ஒருத்தர்தான் அத்தான். எனக்கு அதுதான் ஞாபகம் இருக்கு. கிளாஸ் எல்லாம் அப்புறம்தான்.”

லிஃப்ட்காரர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மச்சான் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். ஆலோசகர் நகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் கழித்து, “டீ வந்துடுச்சு போலிருக்கு,” என்று மட்டும் சொன்னார்.

முப்பது நாள் முடிந்து வெளியே வந்ததும் லிஃப்ட்காரர் முதல் வேலையாக மேலாளர் அறைக்குப் போய், மூன்றாம் மாடிக் கதவு விஷயத்தைச் சொன்னார். மேலாளர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து முழுவதையும் கேட்டார். பிறகு ஆறு மாதத்துக்கு அவரைத் தனியாக அனுப்புவதில்லை, இன்னொரு மெக்கானிக்கோடுதான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். இருபத்தாறு வருட அனுபவக்காரருக்கு அது தலைகுனிவுதான். ஆனாலும் அன்று படியிறங்கும்போது நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கினதுபோல இருந்தது.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. மூன்றாம் மாதம் மச்சான் குழந்தையைப் பார்க்க மாமியார் வீட்டுக்குப் போனான். கதவைத் திறக்க மறுத்துவிட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு லிஃப்ட்காரருக்கு போன் வந்தது. “அத்தான்…” என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை. குடித்திருக்கிறான் என்று குரலிலேயே தெரிந்துவிட்டது. உடன் வந்த மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஒரு பஸ் நிறுத்தத்தில், காலியான பெஞ்சின் நடுவே மச்சான் உட்கார்ந்திருந்தான்.

“எதுவும் சொல்லாதீங்க அத்தான்.”

“சொல்லல. காலு வலிக்குது, கொஞ்சம் தள்ளி உக்காரு.”

இரண்டு பஸ் வந்து போயிற்று. மூன்றாவது பஸ் இல்லத்துப் பக்கம் போகிற பஸ். இரண்டு பேரும் ஏறினார்கள். பெரிய சிஸ்டர் திட்டவில்லை. “போன் பண்ணினான்ல, அது போதும்,” என்றாள். பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஏழு மாதமாக அவன் தொடவில்லை. பெண்டாட்டி இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையை ஒரு பார்க்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, தான் சற்றுத் தள்ளி ஒரு பெஞ்சில் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்கிறாள். போன வாரம் அவள் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பவேயில்லை என்று மச்சான் அக்காவிடம் ரகசியமாகச் சொன்னான்.

லிஃப்ட்காரருக்குப் பெரிய கஷ்டம் சாயங்காலம்தான். அவ்வளவு நீளமான சாயங்காலம் ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. முதல் மாதம் வீட்டிலிருக்கும் ஃபேன்களை எல்லாம் கழற்றித் துடைத்தார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டார். சரியாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பிரித்து மாட்டினார்.

“போதுங்க. இன்னும் ஒரு வாரம் விட்டா என்னையும் கழட்டி எண்ணெய் போட்டுடுவீங்க,” என்றாள் மனைவி. “செருப்பைப் போடுங்க, நடந்துட்டு வரலாம்.”

அப்படித்தான் நடக்க ஆரம்பித்தார்கள். முதலில் பேச ஒன்றும் இல்லை. அவர் வழியில் உள்ள கட்டடங்களைக் காட்டி, இதில் லிஃப்ட் இத்தனை ஆள் தாங்கும், அதில் மோட்டார் பழசு என்று சொல்லிக்கொண்டு வருவார். அவள் உம் கொட்டுவாள். ஒருநாள் அவள் பள்ளிக்கூட ஆபீஸ் கதை ஒன்றைச் சொன்னாள். ஆண்டு விழாவுக்கு மைக்கைச் சோதித்துவிட்டு அணைக்க மறந்த தலைமை ஆசிரியர், மேடைக்குப் பின்னால் போய்த் தன் பெண்டாட்டிக்கு போன் போட்டு, ‘தங்கம், கோவிச்சுக்காதடா, துணியெல்லாம் நானே துவைச்சுப் போடறேன்டா’ என்று கெஞ்சியது மைதானம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்ட கதை. தலைமை ஆசிரியரின் குரல், அதைக் கேட்டு விறைத்து நின்ற பி.டி. வாத்தியார், முன்வரிசையில் சிரிப்பை அடக்க முடியாமல் இருமிய பெற்றோர் என்று ஒவ்வொருவராக நடித்துக் காட்டினாள். லிஃப்ட்காரர் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி, விளக்குக் கம்பம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எப்பலேருந்து நீ இப்படி எல்லாம் பேசறே?” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“எப்பவும் இப்படித்தான். ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. மதியம் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட அடிச்சுக்குவாங்க.”

அவர் சிரிப்பு நின்றது. யார் யாரோ கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். எத்தனை கதை போயிருக்கும்? அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சாலை விளக்கு வெளிச்சத்தில் அவளுக்கு என்னவோ போலிருந்தது. “என்ன அப்படிப் பாக்கறீங்க? வாங்க, நேரமாகுது,” என்றாள்.

“அந்த ஆண்டு விழா எப்ப நடந்துச்சு?”

“அது ஆச்சு, எட்டு வருஷம்.”

“அதுக்கப்புறம் என்ன ஆச்சு? அந்தம்மா விழாவுக்கு வந்தாங்களா, வரலையா?”

“வராம? அதான் கதையே,” என்றாள் அவள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தலைமை ஆசிரியரின் மனைவி பள்ளிக்கூட வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்கிக் காட்டினாள். லிஃப்ட்காரர் அவளுக்கு இடம் விட்டு இரண்டு அடி தள்ளி நின்று பார்க்க ஆரம்பித்தார்.